சீதனப் பங்கர்

பங்கருக்குள் இறங்கின கலியாணத் தரகர் சாமித்தம்பி, இறங்கின வேகத்தைப்போல நாலு மடங்கு வேகத்தில் மேலே வந்தார். போகும்போது இடுப்பில் இருந்த சாறன் வரும்போது கையில் இருந்தது.

"பாம்பு சேர்! பாம்பு!"

ஓய்வுபெற்ற அதிபர் அழகரத்தினம் சாய்மனைக் கதிரையை விட்டு அசையவில்லை. மூக்குக்கண்ணாடியைச் சற்றுக் கீழே இறக்கித் தரகரை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வந்தார். சாறன் இருக்கவேண்டிய இடம் வந்ததும் நாகரிகமாகக் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"முதல்ல சாறனைக் கட்டும். அது பாம்பில்ல, கயிறு."

"கயிறா?"

"மூலையில தோணிக் கயிறு ஒண்டு சுருட்டிக் கிடக்கு. இருட்டில கயிற்றைப் பார்த்துப் பாம்பெண்டு நடுங்குறதுக்குப் பேர்தான் அஞ்ஞானம். இதைப் பற்றிப் போன கொடியேற்றத்தில கோயில்ல ஒண்டரை மணித்தியாலம் பேசினன். நீர் வரயில்லப் போல."

"வந்தன் சேர். நல்ல நித்திரை." சாமித்தம்பி சாறனை இறுக்கி முடிந்தார். "ஆனா, கயிறு நாக்கு நீட்டுமா சேர்?"

அதிபர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இது நடந்தது வாவிக்கு மேற்கே, படுவான்கரையில். அக்கரை இராணுவ முகாமில் இருந்து ஷெல் கிளம்பும் சத்தம் கேட்டால் ஊர் முழுக்க எலிகளைப்போல மண்ணுக்குள் இறங்கிய காலம். மட்டக்களப்பில் பெண் பிள்ளையைப் பெற்றவன் அவளுக்கு வீடு கொடுக்கவேண்டும். மாப்பிள்ளை வந்து அந்த வீட்டில் குடியேறுவான். அது தலைமுறை வழக்கம். யுத்தம் அந்த வழக்கத்தோடு நிலத்துக்கு அடியில், பங்கர் என்று ஓர் அறையையும் சேர்த்துவிட்டது. வீடு பார்க்க வருகிறவர்கள் அண்ணாந்து கூரையைப் பார்த்த காலம் போய், குனிந்து குழியைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

அன்று மத்தியானத்துக்குள் மண்டூரிலிருந்து வரவிருந்த மாப்பிள்ளையின் தாய் சீதேவிப்பிள்ளை, பெண்ணின் தாய்வழிக் குடி என்னவென்று கேட்கும் முன்னமே, "பங்கர் என்ன மாதிரி?" என்று கேட்டவள்.

"வீடு ஓலையெண்டாலும் பறவாயில்ல. பங்கர் முதிரை மரத்தில இரிக்கோணும். இருக்கிறது ஒரே பொடியன். அவனைக் கொண்டுபோய் ஓட்டைப் பங்கருக்குக் குடுக்க மாட்டன்," என்று தரகரிடம் தீர்த்துச் சொல்லியிருந்தாள்.

அந்த விஷயத்தில் அழகரத்தினத்தாரை அசைக்க முடியாது. அவருடைய பங்கருக்கு முதிரைக் குற்றி, அதற்கு மேல் மண்மூட்டை, அதற்கு மேல் புல். இறங்கப் படி. தண்ணீர்ப் பானைக்கு ஒரு மாடம், முருகன் படத்துக்கு ஒரு மாடம். வெட்டியவர்கள் வேறு ஆட்கள்; கதிரையில் இருந்து கையை நீட்டிக் காட்டியவர் இவர். 'பங்கர்' என்று யாராவது சொன்னால், "பதுங்குகுழி" என்று திருத்துவார். ஷெல் விழும்போது மற்றவர்கள் "முருகா, முருகா" என்று கத்த, தாம் மட்டும் மூலையில் கிடக்கும் கயிற்றுச் சுருளில் தலை வைத்து, கண்ணை மூடி, தியானத்தில் கிடப்பதாக ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். தியானத்தில் இரண்டு காதுக்குள்ளும் விரல் எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. அந்தக் கயிற்றை எப்போது, யார் கொண்டுவந்து போட்டது என்று அவரும் கேட்டதில்லை. வீட்டில் நல்லதாக ஒன்று இருந்தால் அது தம்முடைய ஏற்பாடு என்று நம்புகிறவர் அவர்.

தியானத்துக்கு முந்திய வரலாறு ஒன்றும் உண்டு. பங்கர் வெட்டின புதிதில், ஷெல் விழுந்துகொண்டிருந்த நேரம், ஒரு தவளை அவர் காலில் பாய்ந்துவிட்டது. அதிபர் ஒரே எட்டில் வெளியே வந்து, வெட்டவெளியில் தென்னைமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். மனைவி அன்னப்பூரணி வெளியே ஓடிவந்து இழுத்துக்கொண்டு போகாவிட்டால் அன்றைக்கே கதை முடிந்திருக்கும். ஷெல் எந்தத் திசையில் இருந்து வருகிறது என்று அவதானிக்கப் போனதாகப் பிறகு விளக்கம் சொன்னார்.

இதெல்லாம் இருக்க, பாம்பு என்றால் ஊரில் அழகரத்தினத்தாரைக் கேட்காமல் ஒன்றும் நடக்காது. 'வாவிக்கரை ஊர்வன' என்று கோயில் மலரில் அவர் எழுதிய கட்டுரைதான் அதற்குக் காரணம். அதன் பிறகு யார் பாம்பு அடித்தாலும் தடியில் தொங்கவிட்டு அவர் வாசலுக்குக் கொண்டுவருவார்கள். அவர் யன்னலுக்குள் நின்றபடி இனம் சொல்லுவார். ஆயிரம் பிள்ளைகளுக்கு நற்சான்றிதழ் எழுதிப் பழகிய கை. நேரில் பார்த்துப் பழகவேண்டும் என்ற அவசியம் இல்லை. செத்த பாம்பை அடையாளம் காண்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. செத்த பாம்பும் மறுத்துப் பேசியது கிடையாது.

குசினியில் இருந்து அன்னப்பூரணி எண்ணெய்க் கரண்டியோடு வந்தாள்.

"என்ன சத்தம்?"

"பங்கருக்குள்ள பாம்பு அக்கா!"

அன்னப்பூரணி திடுக்கிடவில்லை. சாமித்தம்பியைப் பார்த்து, "ஐயோ, நீங்க மூலை மட்டும் போனீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"உள்ளளவு எவ்வளவெண்டு பாத்துச் சொல்லச் சொன்னாங்க சீதேவிப்பிள்ளை அக்கா. பாக்கத்தானே வேணும்?"

"பாம்பெண்டாக் கிடந்திட்டுப் போகுது. வாவிக்கரையில பாம்பில்லாத வளவு எங்க இரிக்கி? அது பாட்டுக்கு அது கிடக்கும். இஞ்சேருங்க, நீங்க எழும்பி உடுப்பை மாத்துங்க. ஆக்கள் வரப்போறாங்க."

"அது பாட்டுக்கா?" அழகரத்தினத்தார் எழுந்துவிட்டார். "பூரணி, முதல்ல இனம் காணோணும். பிறகுதான் நடவடிக்கை. சாரையெண்டா விரட்டலாம். புடையனெண்டா அடிக்கோணும். நாகமெண்டா தொடவும் ஏலாது, கும்பிடோணும்."

"வெங்கிணாந்தியெண்டா?"

அதிபர் சிரித்தார். எட்டாம் வகுப்பில் கடைசி வாங்குப் பிள்ளை பதில் சொன்னால் சிரிக்கிற சிரிப்பு அது.

"வெங்கிணாந்தி எண்டா மலைப்பாம்பு. காட்டுச் சாமான். ஆட்டுக்குட்டியை முழுசா விழுங்கும், ஆனா நஞ்சு கிடையாது. கரடியனாறு தாண்டிப் போனாக் காணலாம். ஓர் அதிபரின்ட வளவுக்குள்ள அது வராது."

அன்னப்பூரணி வாயைத் திறந்தாள். பிறகு எதையோ யோசித்து மூடிக்கொண்டாள். "இந்தச் சம்பந்தமும் உங்கட வாயால போனா, மறுகா நீங்க பங்கருக்குள்ளயே குடியிருங்க," என்று சொல்லிவிட்டுக் குசினிக்குப் போனாள்.

அவள் பயத்தில் நியாயம் இருந்தது. மகள் இராசமலர் முப்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் சம்பந்தம், மாப்பிள்ளையின் தகப்பன் பாடிய தேவாரத்தில் அதிபர் பிழை பிடித்ததால் போயிற்று. இரண்டாவது மாப்பிள்ளையிடம் பொது அறிவுக் கேள்விகள் கேட்டார். பையன் பலகாரத்தை வாயில் வைத்தபடியே எழுந்து போய்விட்டான். இது மூன்றாவது. அப்பா பேசுகிற வீட்டில் மற்றவர்களுக்குப் பேச இடம் கிடைப்பதில்லை என்பதால் பேசாமலே வளர்ந்த இராசமலர், இந்த மூன்றாவது மாப்பிள்ளையின் படத்தை மட்டும் இரண்டு தரம் வாங்கிப் பார்த்தாள். அந்த வீட்டில் அது ஒரு மேடைப் பேச்சுக்குச் சமம்.

பங்கருக்குள் வெளிச்சம் வேண்டும். டோர்ச் இருந்தது, பற்றரி இல்லை. வாவிக்கு இக்கரையில் பற்றரி கொண்டுவருவது தடை. கொண்டுவந்து பிடிபட்டவனுக்கு டோர்ச் அடித்துப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது.

"விளக்கைக் கொழுத்திக்கொண்டு இறங்குங்க சேர்," என்றார் சாமித்தம்பி.

"விளக்கைப் பிடிச்சா நான் பாம்பைப் பாக்கலாம். பாம்பும் என்னைப் பாக்கும். அது ஆய்வுக்குச் சரிவராது."

"கொச்சிக்காய்ப் புகை போடுவமா?"

"புகை போட்ட பங்கருக்குள்ள பிறகு ஷெல் வந்தா யாரு இருக்கிற?" என்று குசினிக்குள் இருந்து அன்னப்பூரணியின் குரல் வந்தது.

அப்போதுதான் அழகரத்தினத்தாருக்கு அந்தப் பெரும் யோசனை உதித்தது. இராசமலரின் அலுமாரிக் கண்ணாடி! ஆளுயரக் கண்ணாடி. அதுவும் சீதனத்தில் சேர்ந்ததுதான். கதவோடு கழற்றிக்கொண்டுவந்து வெயிலில் நிறுத்தி, வெளிச்சத்தைப் பங்கருக்குள் திருப்பிவிட்டால் வாசலில் நின்றே பார்த்துக்கொள்ளலாம்.

கண்ணாடியைத் தூக்கிப் பிடிக்கும் பொறுப்பு சாமித்தம்பிக்கு. கட்டளையிடும் பொறுப்பு அதிபருக்கு. காலை வெயில் வாவிக்கு மேலே இருந்து நேராக அடித்தது.

"கொஞ்சம் சாய்! அங்கால! அங்கால எண்டா இஞ்சால இல்ல, அங்கால!"

வெளிச்சம் முதலில் கோழிக் கூட்டில் விழுந்தது. கோழிகள் இரண்டாவது தடவையாக விடிந்துவிட்டதென்று கொக்கரித்தன. பிறகு குசினி யன்னலில் விழுந்தது; அன்னப்பூரணி கண்ணைப் பொத்திக்கொண்டு ஏசினாள். பிறகு சாமித்தம்பியின் கை சோர்ந்தபோதெல்லாம் வெளிச்சம் வளவைத் தாண்டி, வாவியைத் தாண்டி, அக்கரையில் போய் விட்டு விட்டு மின்னியது. அதைக் கவனிக்க இருவருக்கும் நேரமில்லை.

கடைசியில் ஒரு பெரிய வெளிச்சச் சதுரம் படியில் இறங்கி, தண்ணீர்ப் பானையைத் தடவி, முருகனைக் கும்பிட்டு, மூலைக்குப் போயிற்று.

"பாரும்! கயிறு!" என்றார் அதிபர்.

கயிறு தன் ஒரு நுனியைத் தூக்கி அவரைப் பார்த்தது.

அழகரத்தினத்தார் நாலடி பின்னால் வந்தார். அதை அவர் நடந்து செய்தாரா பறந்து செய்தாரா என்று சாமித்தம்பிக்குப் பின்னாளில் சொல்லத் தெரியவில்லை.

"கயிற்றுக்கு மேல பாம்பு கிடக்கு," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு. "மண்ணிறம். முதுகில பெரிய பெரிய திட்டு, சங்கிலி போட்ட மாதிரி. சந்தேகமே இல்ல. கண்ணாடிப் புடையன்!"

"புடையன் கடிச்சா, சேர்?"

இந்த இடத்தில் அவர் வாயை மூடியிருக்கலாம். ஆனால் கேள்வி கேட்ட மாணவனை அவர் ஒருநாளும் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.

"இரத்தம் தண்ணியாப் போகும். பல்லு முரசால வடியும். பெரியாஸ்பத்திரிக்குப் போக வாவி தாண்டோணும். துறையில செக்கிங். அது முடியிறதுக்குள்ள ஆள் முடிஞ்சிரும்."

சாமித்தம்பி கண்ணாடியை மெல்லத் தென்னைமரத்தில் சாய்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

"எங்க போறீர்?"

"மண்டூர் ஆக்களை வழியில மறிச்சுத் திருப்பி அனுப்ப. நல்ல குடும்பம் சேர். அவங்களைக் கொண்டுவந்து புடையனுக்குக் குடுத்த பழி எனக்கு வேணாம். பிறகு எனக்கும் தொழில் நடக்கோணும்."

யன்னலுக்குள் இராசமலரின் முகம் தெரிந்தது. அவள் தகப்பனைப் பார்த்தாள். அந்தப் பார்வை ஒன்றரை மணித்தியாலப் பேச்சைவிட நீளமாக இருந்தது.

"பொறும், பொறும்!" அதிபர் சைக்கிளின் கரியரைப் பிடித்தார். "திட்டு கொஞ்சம் நீளமாத்தான் இருந்தது. சாரையாவும் இருக்கலாம். சாரை ஒண்டும் செய்யாது."

"இப்பதானே சந்தேகமே இல்ல எண்டீங்க?"

"ஆய்வு எண்டது படிப்படியாத்தான் போகும்."

"அப்ப நல்லதாப் போச்சு." சாமித்தம்பி வேலியில் கிடந்த கம்பை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "ஒண்டும் செய்யாதெண்டா இறங்கி விரட்டிவிடுங்க சேர்."

அழகரத்தினத்தார் கம்பைப் பார்த்தார். பங்கர் வாசலைப் பார்த்தார். கம்பு நீளம்தான். ஆனால் அதன் இந்த முனையில் அவர் இருக்கவேண்டியிருந்தது.

"இன்னொரு முக்கியமான விஷயம்," என்றார். "தலையைத் தூக்கினது பாத்தீரா? சாரை அப்படித் தூக்காது. இது நல்லபாம்பு. நாகதம்பிரான். பொம்பிளை பாக்க வாற நாளில வந்து இருக்கிறார் எண்டா, அது ஆசீர்வாதம். தொடப்படாது."

அரை மணித்தியாலத்துக்குள் ஒரே பாம்பு மூன்று இனம் மாறியது. பாம்பு சட்டை உரிப்பது இயற்கை. இனம் உரிப்பது அழகரத்தினத்தாரின் கண்டுபிடிப்பு.

நாகத்துக்குப் பால் வைக்கவேண்டும். வீட்டில் இருந்த பால், மாப்பிள்ளை வீட்டாரின் தேநீருக்கு வைத்த பால்.

"பாம்பு பால் குடியாதெண்டு நீங்கதானே கோயில் மலரில எழுதினீங்க?" என்றாள் அன்னப்பூரணி.

"அது விஞ்ஞானம். இது சம்பந்தம். கொண்டு வா."

பால் சட்டியைப் படியில் வைத்துவிட்டு அவர் நிமிரவும், வாசல் கடப்படியில் சைக்கிள் மணி கேட்கவும் சரியாக இருந்தது.

சீதேவிப்பிள்ளை மகனின் சைக்கிள் கரியரில் இருந்து, தோணியில் இருந்து கரைக்கு இறங்குவதுபோலக் கம்பீரமாக இறங்கினாள். மாப்பிள்ளை யோகராசா வாவியில் சொந்தமாகத் தோணி விடுகிறவன். வெயிலில் கறுத்து, வெட்கத்தில் இன்னும் கொஞ்சம் கறுத்து நின்றான். இராசமலர் தண்ணீர்ச் செம்போடு வந்தபோது, செம்பை வாங்கத் தெரியாமல் சைக்கிள் மணியை ஒரு தரம் அடித்தான்.

"இருங்க தங்கச்சி இருங்க," என்று அழகரத்தினத்தார் கதிரையைக் காட்டினார்.

"இருக்கிறது பிறகு அண்ணன். பங்கர் எங்க?"

வீட்டுக்குப் பின்னால், கோடிக்குக் கூட்டிப் போனார்கள். சாமித்தம்பிக்கு நாக்கு நிற்கவில்லை.

"அக்கா, உள்ள நாகதம்பிரான் வந்து இரிக்கார். சேர் கண்ணால கண்டவர்!"

சீதேவிப்பிள்ளை அந்த இடத்திலேயே செருப்பைக் கழற்றினாள். பால் சட்டியைக் கண்டதும் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக் கைகூப்பிக் கும்பிட்டாள். அழகரத்தினத்தாருக்கு நெஞ்சு குளிர்ந்தது. மனைவியைத் திரும்பிப் பார்த்து, 'எப்படி?' என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினார். அன்னப்பூரணி நெற்றியில் கையை வைத்திருந்தாள்.

கும்பிட்டு முடித்துச் சீதேவிப்பிள்ளை கேட்டாள்: "அப்ப அண்ணன், இது கோயில்தானே?"

"ஒரு விதத்தில, ஓம். தெய்வம் இருக்கிற இடமெல்லாம்..."

"கோயிலுக்குள்ள காலை நீட்டிப் படுக்க ஏலுமா?"

"அது..."

"மீன் திண்ட வாயோட இறங்க ஏலுமா? பொண்டுகள் தூரமா இருக்கிற நாளில இறங்க ஏலுமா? ஷெல் அடிக்கிறவன், நாங்க முழுகிட்டு வாறமட்டும் பாத்திட்டு நிப்பானா?"

"தங்கச்சி, ஆபத்துக்குப் பாவமில்லை எண்டு..."

"கோயிலைச் சீதனமா எழுத ஏலாது அண்ணன். கோயில் ஊருக்குச் சொந்தம். அப்ப வீடு இரிக்கி, வளவு இரிக்கி, பங்கர் இல்ல. அவ்வளவுதான் கதை. மகன், சைக்கிளைத் திருப்பு."

யோகராசா சைக்கிளை நோக்கிப் போனான். போகிற வழியில் மூன்று தரம் திரும்பிப் பார்த்தான். சைக்கிள் ஸ்டாண்டைத் தட்ட இவ்வளவு நேரம் எடுக்கும் என்று அன்றுதான் எல்லாரும் அறிந்துகொண்டார்கள்.

"தங்கச்சி, பொறுங்க! அது நாகமில்ல!" என்று அழகரத்தினத்தார் கத்தினார்.

"இல்லையா? அப்ப நான் எதைக் கும்பிட்டன்?"

"அது சாரை."

"முதல்ல புடையன் எண்டீங்களே சேர்?" என்றார் சாமித்தம்பி. அவர் கெட்ட மனிதர் இல்லை. ஞாபகசக்தி உள்ளவர், அவ்வளவுதான்.

சீதேவிப்பிள்ளை இடுப்பில் கையை ஊன்றினாள். "அண்ணன், நீங்க படிச்ச மனிசன். ஒரு பாம்பெண்டா ஒரு பேரைச் சொல்லுங்க. இப்படிப் பேர் மாத்திறவர் நாளைக்கு மாப்பிள்ளையையும் வேற ஆளெண்டு சொல்லுவீங்க!"

அழகரத்தினத்தார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பதில் அக்கரையில் இருந்து வந்தது.

டும்.

அக்கரை முகாமில் யாரோ ஒருவன், காலையில் இருந்து இந்த வளவுக்குள் இருந்து விட்டு விட்டு மின்னிய வெளிச்சத்தை யோசனையோடு பார்த்துக்கொண்டு இருந்திருக்கவேண்டும். அவனுக்கும் அது என்னவென்று இனம் காணும் சிக்கல். அவனும் அதிபரைப்போல, முதலில் முடிவெடுத்துவிட்டுப் பிறகு ஆராய்கிற ஆள்.

"ஷெல்!"

இராசமலர்தான் முதலில் இறங்கினாள். ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. இறங்கின கையோடு மேலே கையை நீட்டி, யாருடைய கை என்று பாராமல் பிடித்து இழுத்தாள். அது யோகராசாவின் கை. பாராமல் பிடித்தாள் என்பது அவள் கட்சி.

"வாங்க மச்சாள்!" என்று அன்னப்பூரணி சீதேவிப்பிள்ளையைத் தள்ளினாள்.

"உள்ள நாகம் கா!"

"நாகமும் இல்ல கோகமும் இல்ல! இறங்குங்க!"

சீதேவிப்பிள்ளை இறங்கினாள். அவள் கால் பட்டுப் பால் சட்டி கவிழ்ந்தது. சாமித்தம்பி இந்தத் தடவை முன்னெச்சரிக்கையாகச் சாறனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் தட்டித் தடவி, தென்னைமரத்தில் சாய்ந்திருந்த கண்ணாடியைத் தட்டிவிட்டு இறங்கினார். சீதனத்தில் ஒன்று குறைந்தது.

அழகரத்தினத்தார் மட்டும் வெளியே நின்றார். வானத்தில் ஒரு விசில் சத்தம். குழிக்குள் ஒரு புடையன், அல்லது சாரை, அல்லது தெய்வம். ஒரு காலை உள்ளே வைத்தார், எடுத்தார். வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு, 'மிகப் பொருத்தமான விடையின் கீழ்க் கோடிடுக' என்று கேள்வி கொடுத்தவருக்கு, கோடிட நேரமில்லாத கேள்வி ஒன்று வந்துவிட்டது.

இருட்டுக்குள் இருந்து அன்னப்பூரணியின் கை நீண்டு, அவர் வேட்டியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது.

அவர் எல்லார் மேலாகவும் உருண்டு மூலையில் போய் விழுந்தார். விழுந்ததும் வழக்கம்போலக் கண் இறுக மூடிக்கொண்டது. வழக்கம்போல விரல்கள் காதுக்குள் போயின. தலை, வழக்கம்போல, தன் இடத்தைத் தானே தேடிக் கண்டுபிடித்தது.

கயிறு! பழைய கயிறு. மேலே பாம்பு இல்லை. போய்விட்டது!

அந்தக் கணத்தில் அழகரத்தினத்தார் அடைந்த ஆனந்தத்தைத்தான் அவர் கோயிலில் ஒன்றரை மணித்தியாலமாக விளக்க முயன்று தோற்றார். பாம்பு பொய், கயிறே மெய். அந்த மெய் குளிர்ச்சியாக இருந்தது, மெத்தென்று இருந்தது, அவர் மூச்சோடு சேர்ந்து மெல்ல ஏறி இறங்கியதுபோலவும் இருந்தது. நன்றியோடு ஒரு விரலைக் காதில் இருந்து எடுத்து, கயிற்றை இரண்டு தரம் தடவிக் கொடுத்தார்.

"அந்த மூலையில படுக்காதீங்க எண்டு எத்தினை தரம் சொல்லுற," என்று இருட்டுக்குள் அன்னப்பூரணி முணுமுணுத்தது கேட்டது. தமக்கு வாய்த்த நிம்மதியில் அவளுக்கு எப்போதும் ஒரு பொறாமை என்று நினைத்துக்கொண்டார்.

ஷெல்கள் வாவிக்குள் விழுந்தன. நிலம் தூக்கிப் போட்டது. பிறகு ஒரு நீண்ட அமைதி. அந்த அமைதிக்குள், கரைப்பக்கம் கூடையோடு ஓடுகிற சனங்களின் சத்தம் கேட்டது. வாவிக்குள் ஷெல் விழுந்தால் மீன் செத்து மிதக்கும். யுத்தம் எப்போதாவது கறிக்கு ஏதாவது கொடுத்தது என்றால் அது இப்படித்தான்.

எல்லாரும் வெளியே வந்தார்கள். இராசமலரும் யோகராசாவும் கடைசியாக வந்தார்கள். இருவரும் பேசவில்லை; ஆனால் பேசி முடித்தவர்களைப்போல இருந்தார்கள்.

சீதேவிப்பிள்ளை சேலையை உதறினாள். தலையைத் தடவிப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள்.

"அண்ணன்," என்றாள். "தென்னைமரம் ஆடிச்சு, வீட்டு ஓடு ரெண்டு விழுந்து கிடக்கு. பங்கருக்குள்ள ஒரு பொட்டு மண் உதிரயில்ல! இதுதான் கா பங்கர்!" பிறகு மகனையும் இராசமலரையும் ஒரு பார்வை பார்த்தாள். "நாகமும் இல்ல, புடையனும் இல்ல. ஆறு பேர் கிடந்தம், ஒண்டும் தொடயில்ல. கலியாணத்துக்கு நாள் பாப்பம்."

அன்னப்பூரணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சாமித்தம்பி, கண்ணாடித் துண்டுகளுக்கு மேலே சேறும் பாலுமாக நின்று, தன் தொழில் வாழ்க்கையிலேயே மிக அழகான சிரிப்பைச் சிரித்தார்.

மரியாதையுள்ள மனிதன் இந்த இடத்தில் பேசாமல் இருப்பான். அழகரத்தினத்தார் தொண்டையைச் செருமினார்.

"பாத்தீங்களா? பாம்பு ஓடிப்போச்சு. அது புடையன்தான், அதில மாற்றமில்ல. ஆனா ஷெல் அதிர்வு நிலத்தில பட்டவுடன ஊர்வன வெளியேறும். இதை நான் எழுதியிருக்கிறன். நீங்களெல்லாம் 'முருகா' எண்டு கத்தினீங்க. நான் என்ன செய்தன்? அதே மூலையில, அதே கயிற்றில தலை வைச்சுப் படுத்தன். ஏனெண்டா, கயிற்றைப் பாம்பெண்டு நினைக்கிறவன் மூடன். கயிற்றைக் கயிறெண்டு காணுறவன்தான் ஞானி."

"உண்மைதான் மாமா," என்றான் யோகராசா மரியாதையாக.

'மாமா' என்ற சொல் அழகரத்தினத்தாரின் தலைக்கு ஏறியது. கொடுக்கவேண்டும்போல இருந்தது. அள்ளிக் கொடுக்கவேண்டும்போல இருந்தது.

"மருமகன்! அலுமாரிக் கண்ணாடி உடைஞ்சு போச்செண்டு கவலைப்பட வேணாம். அதுக்குப் பதிலா அந்தத் தோணிக் கயிற்றை உங்களுக்கே தாறன். நல்ல தடிச்ச கயிறு. இப்படிக் கயிறு இப்ப கடையிலயும் எடுக்க ஏலாது."

"நல்லதாப் போச்சு," என்றாள் சீதேவிப்பிள்ளை. "தோணி கட்ட உதவும். போ மகன், இப்பவே இறங்கித் தூக்கிட்டு வா."

யோகராசா சட்டைக் கையை மடித்துக்கொண்டு படியில் கால் வைத்தான். அன்னப்பூரணி பதறிப்போய் மகளைப் பார்த்து, 'வேணாம், சொல்லாத' என்பதுபோலத் தலையை ஆட்டினாள். இராசமலர் தாயைப் பார்த்தாள், படியில் இறங்கப்போனவனைப் பார்த்தாள். ஓடிப்போய் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு தகப்பன் பக்கம் திரும்பி, அன்றைக்கு முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"அப்பா, நம்மட பங்கருக்குள்ள எந்தநாளிலப்பா கயிறு இருந்தது?"